ஒட்டகத்துக்கும் ஒரு சட்டம் உண்டு

(நமது மைசூர் நிருபர்)

தசரா ஊர்வலம் என்றால் எல்லோருடைய கண்ணும் யானை மேல்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 750 கிலோ தங்க அம்பாரியைச் சுமந்துகொண்டு அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை நடப்பது லேசான காரியமல்ல. காட்டு முகாமிலிருந்து யானைகள் ஊருக்கு வந்ததும் எடை மேடையில் ஏற்றி நிறுக்கிறார்கள். எந்த யானை எத்தனை கிலோ என்று பத்திரிகையில் போடுகிறார்கள். முதுகில் மணல் மூட்டை கட்டி நாள் தவறாமல் ஒத்திகை பார்க்கிறார்கள். எட்டு முறை அம்பாரி சுமந்த அர்ஜுனா 2023 டிசம்பரில் சக்லேஷ்புரம் பக்கத்தில் காட்டு யானையோடு நடந்த சண்டையில் இறந்தபோது, வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தது போல் ஊர் ஜனங்கள் பேசிக் கொண்டார்கள்.

அதே ஊர்வலத்தில், குதிரைகளோடு ஒட்டகங்களும் போகின்றன. அவற்றில் ஒன்றுக்காவது பெயர் தெரிந்தவர் நம்மில் யார்? எத்தனை கிலோ என்று எந்தப் பத்திரிகையும் போட்டதில்லை. தசரா நாட்களில் பொருட்காட்சி மைதானத்தின் பக்கம் போனால், கழுத்தில் மணி, முதுகில் ஜிகினாத் துணி, மூக்கில் குச்சி குத்திய கயிறு, இத்தனையோடும் ஒரு பிராணி நின்றுகொண்டிருக்கும். தலைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துக் குழந்தைகளை ஏற்றிவிட்டு, தகப்பனாரும் தொற்றிக்கொண்டு, தாயார் கீழே நின்று போட்டோ எடுத்துக் கொள்வார். நம் தமிழ்க் குடும்பங்களும் இதில் சளைத்தவர்கள் அல்லர். ஒட்டகம் ஒரு சுற்றுப் போய் வரும். உட்காரும். எழும். மறுபடி ஒரு சுற்று.

இதை எழுதத் தூண்டியது ஒரு விளையாட்டு. என் அக்காள் மகன் இங்கே இன்ஜினியரிங் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமையானால் அவனும் சிநேகிதர்களும் வட்டமாக உட்கார்ந்து பகடை உருட்டி ஒரு கதை விளையாட்டு ஆடுகிறார்கள். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உண்டாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ விளையாட்டின் வாரிசாம் இது. ஒருவன் மந்திரவாதி, ஒருவன் போர்வீரன், ஒருவன் திருடன், மற்றொருவன் கதை நடத்துகிறவன். கூட்டமாக ஒரு பாலைவனத்தைக் கடக்க வேண்டும். மூட்டை முடிச்சைச் சுமக்க ஒரு மிருகம் வேண்டும். ஒட்டகம் என்று வைத்தால் சுவாரஸ்யமில்லை என்று பையன்கள் தாங்களே ஒரு பிராணியைப் படைத்துவிட்டார்கள். அதற்கு ஆறு கால். முதுகில் தண்ணீர்த் தொட்டி. மணலுக்குள் நீந்தும். ஒரு தாளில் கட்டம் போட்டு வேகம் இவ்வளவு, பலம் இவ்வளவு, சுமை இவ்வளவு என்று எழுதி வைத்திருந்தார்கள்.

ஆபீஸ் வழக்கப்படி கட்டங்களை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். தீனிக்குக் கட்டமில்லை. ஓய்வுக்குக் கட்டமில்லை. ஓட்டுகிறவனுக்குக் கூலி என்று ஒரு கட்டமும் இல்லை. கேட்டால், விளையாட்டுதானே மாமா என்றான். வாஸ்தவம், அவர்களுக்கு விளையாட்டு. ஆனால் நிஜ ஒட்டகத்தின் மேல் சவாரி விடுகிறவர்களும், ஏறுகிறவர்களும், பார்த்துக்கொண்டு சும்மா போகிறவர்களும் மனத்தில் வைத்திருக்கும் தாளிலும் அதே மூன்று கட்டங்கள் விட்டுப் போயிருக்கின்றன. என் புகார் இவ்வளவுதான்.

கற்பனை மிருகம் வேண்டுமென்றால் ஒட்டகத்தைத் தாண்டிப் போகவே வேண்டாம். ராஜஸ்தானத்தில் தலைமுறை தலைமுறையாக ஒட்டகம் மேய்க்கும் ரைகா இனத்தார் ஒரு கதை சொல்வார்கள். பார்வதி தேவி விளையாட்டாக மண்ணைப் பிசைந்து ஐந்து கால் உள்ள விசித்திரப் பிராணி ஒன்றைச் செய்தாளாம். இதற்கு உயிர் கொடுங்கள் என்று சிவபெருமானிடம் பிடிவாதம் பிடித்தாளாம். அவரும் கொடுத்தார். ஐந்து காலோடு அதனால் நடக்க முடியவில்லை. ஐந்தாவது காலை மடித்து மேலே தள்ளினார். அதுவே திமில் ஆயிற்று. அப்புறம் இதை மேய்ப்பது யார் என்ற கேள்வி வந்தது. அதற்கென்றே முதல் ரைகாவைப் படைத்தார் என்பது கதை. எனக்கு இதில் பிடித்த விஷயம், மிருகத்தைச் செய்த கையோடு அதைப் பார்த்துக்கொள்ள ஆளையும் போட்டதுதான். பையன்களின் தாளில் இல்லாத கட்டம் ரைகாக்களின் கதையில் இருக்கிறது.

முதுகில் தண்ணீர்த் தொட்டி என்பது பையன்கள் மட்டும் நினைப்பதல்ல, ஊரெல்லாம் அப்படித்தான் நினைக்கிறது. திமிலில் இருப்பது தண்ணீர் அல்ல, கொழுப்பு. தீனி கிடைக்காத நாட்களுக்கான சேமிப்பு. சேமிப்புத் தீர்ந்தால் திமில் தளர்ந்து ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஆகவே பொருட்காட்சியில் ஒட்டகம் பார்க்கிறவர்கள் ஜிகினாத் துணியைக் கொஞ்சம் விலக்கித் திமிலைப் பார்த்தாலே போதும், அதற்குச் சரியாகத் தீனி விழுகிறதா என்று தெரிந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் அதன் சாமர்த்தியம் வேறு இடத்தில் இருக்கிறது. 1950களில் கனட் ஷ்மிட்-நீல்சன் என்ற விஞ்ஞானி சஹாராவுக்கே போய் உட்கார்ந்து ஒட்டகங்களை ஆராய்ந்தார். நம் உடம்பின் உஷ்ணம் இரண்டு டிகிரி ஏறினால் காய்ச்சல் என்று படுத்துவிடுகிறோம். தண்ணீர் இல்லாத ஒட்டகத்தின் உடம்போ விடியற்காலையில் 34 டிகிரி செல்சியஸ் அளவிலும், பிற்பகலில் 40 டிகிரிக்கு மேலும் இருக்கும். வெயிலை உடம்பிலேயே வாங்கி வைத்துக்கொண்டு இராத்திரிக் குளிரில் வெளியே விடுகிறது. வேர்வையாகப் போக வேண்டிய தண்ணீர் மிச்சம். உடல் எடையில் கால் பங்கு அளவுக்குத் தண்ணீர் வற்றினாலும் அது நடக்கும். அதில் பாதி வற்றினாலே மனிதன் பாலைவனத்தில் பிழைக்க மாட்டான். பிறகு தண்ணீரைக் கண்டால், பத்து நிமிஷத்தில் 100 லிட்டர் வரை உறிஞ்சிவிடும். வேறு மிருகம் இப்படிக் குடித்தால் இரத்த அணுக்கள் வெடித்துப்போகும். ஒட்டகத்தின் இரத்த அணு வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கிறது, தாங்கும். மூக்கை வேண்டும்போது மூடிக்கொள்ளும். கண்ணுக்கு இரண்டு வரிசை இமை முடி. மண்டி போடும் இடங்களிலும் நெஞ்சிலும் தடித்த தோல் மெத்தை.

நீந்தும் மிருகம் வேண்டுமா? குஜராத்தில் கட்ச் கடலோரத்தில் காராயி என்று ஓர் ஒட்டக இனம் இருக்கிறது. கடல் நீரில் நீந்திப் போய் அலையாத்திக் காடுகளில் மேய்ந்துவிட்டு வரும். 2015இல்தான் தனி இனம் என்று சர்க்கார் ஒப்புக்கொண்டது.

ஒட்டகம் நமக்கு அந்நியம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. தொல்காப்பியம் மரபியலில் ஒட்டகத்துக்கு இடமுண்டு. குதிரை, கழுதைகளின் பெண்ணைப் போலவே ஒட்டகத்தின் பெண்ணையும் பெட்டை என்று சொல்ல வேண்டும் என்று விதி செய்திருக்கிறது. சிறுபாணாற்றுப்படையில், கடலலை கொண்டுவந்து கரையில் போட்ட அகில் கட்டைகள், படுத்துத் தூங்கும் ஒட்டகங்களைப் போல் கிடந்தனவாம். இவற்றையெல்லாம் விட எனக்கு ஆச்சரியம் தந்தது அகநானூற்றில் மதுரை மருதன் இளநாகனார் பாடியது. பாலை வழியில் வெயிலில் காய்ந்து கிடக்கும் வெள்ளை எலும்பு ஒட்டகத்தின் பசியைத் தீர்க்கும் என்கிறார். இலை தழை தின்கிற பிராணி எலும்பைக் கடிக்குமா? கடிக்கும். தீனியில் பாஸ்பரஸ் சத்துக் குறைந்தால் ஒட்டகம் எலும்பைப் பொறுக்கி மெல்வதைக் கால்நடை டாக்டர்கள் இன்றைக்கும் பார்க்கிறார்கள். சத்துக் குறைந்த மிருகத்தை அந்தக் காலத்துப் புலவர் கவனித்திருக்கிறார். நாம் கவனிக்கவில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். ரயில்வேக்காரனுக்கு இது புரிவது சுலபம். ஒவ்வொரு சரக்கு வேகனின் பக்கத்திலும் அது எவ்வளவு சுமை தாங்கும் என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும். அதற்கு மேல் ஏற்றினால் அபராதம். மிருகத்தின் விலாவில் அப்படி எழுத முடியாது என்பதால் 1965இல் மத்திய சர்க்கார் விதியாக எழுதி வைத்தது. வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் பிராணிகளை வதைக்காமல் தடுக்கும் விதிகள் என்று அதற்குப் பெயர். பொதி சுமந்தால், சிறிய மாட்டுக்கு 100 கிலோ, நடுத்தர மாட்டுக்கு 150, பெரிய மாட்டுக்கு 175, மட்டக்குதிரைக்கு 70, கோவேறு கழுதைக்கு 200, கழுதைக்கு 50, ஒட்டகத்துக்கு 250. இது உச்ச வரம்பு. ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து ஐந்து மணிக்கு மேல் கூடாது. வெயில் 37 டிகிரிக்கு மேல் போகும் இடங்களில் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை வேலையே கூடாது. சந்தேகம் வந்தால் போலீஸ் அதிகாரி பக்கத்து எடை மேடைக்குக் கொண்டுபோய் நிறுக்கச் சொல்லலாம்.

சுமை என்றால் மூட்டைதானே, மனிதர்கள் ஏறினால் சுமையாகுமா என்று வாதம் செய்பவர்கள் உண்டு. தகப்பனார், இரண்டு பிள்ளைகள், சேணம், ஓட்டுகிறவர் எல்லாரும் சேர்ந்தால் எத்தனை கிலோ என்று முதுகுக்குத் தெரியும். நியாயமாகச் சொன்னால், மைசூர் ஒட்டகச் சவாரியில் பெரும்பாலும் 250 கிலோ தாண்டாது. வெயிலும் தசரா நேரத்தில் 37 டிகிரியைத் தொடாது. தொல்லை வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, நேரம். விடுமுறை நாளில் காலையில் தொடங்கி இராத்திரி வரை கூட்டம் இருக்கும். ஒன்பது மணிக் கணக்கு யார் வைக்கிறார்கள்?

இரண்டாவது, யாரும் யோசிக்காதது. பாலைவனத்தில் பொதி ஒட்டகத்துக்கு விடியற்காலையில் ஒரு தரம் சுமை ஏற்றுவார்கள், சாயங்காலம் இறக்குவார்கள். சுமையோடு எழுந்திருப்பது பொழுதுக்கு ஓரிரு தரம். முப்பது நாற்பது கிலோமீட்டர் நடப்பது அதற்குப் பழக்கம். ஆனால் சவாரி ஒட்டகம் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மண்டி போட வேண்டும், முதுகில் ஆட்களை வைத்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். முதலில் பின்னங்கால், பிறகு முன்னங்கால், எவ்வளவு முக்கி முனகி எழுகிறது என்பதைப் பார்த்திருப்பீர்கள். குழந்தைகள் அதைத்தான் வேடிக்கை என்று கைதட்டும். ஒரு நாளைக்கு எழுபது எண்பது சவாரி என்றால் எழுபது எண்பது தரம் அப்படி எழ வேண்டும். அதுவும் கீழே மணல் அல்ல, ஜல்லியும் தாரும். மணலில் அகலப் பரந்து புதையாமல் நிற்கும் பாதம் அது. மைசூரில் புரட்டாசி ஐப்பசி மழை பெய்து செம்மண் குழைந்தால் வழுக்கும். ஈரமான காலத்தில் பெருகும் மாட்டு ஈக்கள் கடித்து ‘சர்ரா’ என்ற காய்ச்சல் ஒட்டகத்துக்கு வரும். அந்த வியாதிதான் ஒட்டகக்காரர்களுக்குப் பெரிய பயம்.

இந்த மண்ணுக்கு ஏற்ற சுமை மிருகம் இந்த மண்ணிலேயே இருந்தது. மைசூர் அரசர் சிக்கதேவராஜ உடையார் காலத்தில் ‘பெண்ணெ சாவடி’ என்று ஒரு மாட்டு இலாகா இருந்தது. திப்பு அதற்கு அம்ருத் மஹால் என்று பெயர் வைத்தார். ஹைதர் அலி 1781இல் சிதம்பரத்தைக் காக்க இரண்டரை நாளில் 100 மைல் படை நடத்தினார் என்று பழைய அரசாங்க நூல்களில் எழுதியிருக்கிறார்கள். பீரங்கி இழுத்தவை அந்த மாடுகள்தான். லம்பாடிகள் ஆயிரக்கணக்கான பொதி மாடுகளில் தானியம் ஏற்றிப் படைகளுக்குப் பின்னால் போனார்கள். இங்கே ஒட்டகம் அழகுக்கும் அந்தஸ்துக்கும் வந்தது, தேவைக்கு வரவில்லை. ஆகவே அதன் தேவை என்ன என்று கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

மைசூருக்கும் ஒட்டகத்துக்கும் உண்மையான பந்தம் இந்த ஊருக்கு வெகு தூரத்தில் ஏற்பட்டது. முதல் உலக யுத்தத்தில் மைசூர் குதிரைப் படை எகிப்துக்குப் போயிற்று. 1915 பிப்ரவரியில் சூயஸ் கால்வாயைத் துருக்கியர் தாக்கியபோது அந்தப் பாதுகாப்பில் மைசூர்க் குதிரைகளும் இருந்தன, பிகானீர் மகாராஜா கங்கா சிங்கின் ஒட்டகப் படையும் இருந்தது. 1918 செப்டம்பர் 23ஆம் தேதி ஜோத்பூர், மைசூர்க் குதிரை வீரர்கள் ஹைபா நகரைப் பிடித்தார்கள். டில்லி தீன்மூர்த்தியில் ஹைதராபாத், ஜோத்பூர், மைசூர் வீரர்கள் மூவருக்கும் சிலை நிற்கிறது. பெருமைதான். ஆனால் குதிரை தினம் தண்ணீர் குடித்தாக வேண்டிய பிராணி. சினாய்ப் பாலைவனத்தில் ரயில் பாதையும் தண்ணீர்க் குழாயும் போய்ச் சேராத இடங்களுக்குத் தண்ணீரும் தீனியும் எப்படிப் போயின? எகிப்தியக் கூலிகள் நடத்திய பல்லாயிரம் ஒட்டகங்களின் முதுகில், பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டிய தகரத் தொட்டிகளில். அந்தக் கூலிகளில் பலர் பலவந்தமாகப் பிடித்துவரப்பட்டவர்கள். அவர்களுக்கு டில்லியில் சிலை வைக்கச் சொல்லவில்லை. கணக்கில் ஒரு வரி எழுதலாம்.

பிழைப்புக்கு வெளியூர் வந்தவர்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு கதை ஆஸ்திரேலியாவில் நடந்தது. அந்தக் கண்டத்தின் நடுப்பகுதி பாலைவனம். குதிரையும் மாடும் தாங்கவில்லை. 1860இல் கராச்சியிலிருந்து ஒட்டகங்களை வாங்கிக் கப்பலில் ஏற்றிப் போனார்கள். அடுத்த அறுபது வருஷத்தில் ஏறக்குறைய 20,000 ஒட்டகங்களும், அவற்றை நடத்த 2,000 பேரும் போனதாகக் கணக்கு. பலூசிஸ்தான், சிந்து, பஞ்சாப், ராஜஸ்தானம் என்று பல இடத்து ஆட்கள். வெள்ளைக்காரர்கள் எல்லாரையும் ‘ஆப்கன்’ என்று ஒரே பெயரில் அழைத்தார்கள். சென்னைக்கு வடக்கே எவர் வந்தாலும் நாம் சேட்டு என்பது போலவும், விந்தியத்துக்கு அப்பால் நம்மை எல்லாம் மதராஸி என்பது போலவும்தான். தந்திக் கம்பம், கம்பளி மூட்டை, சுரங்கத்துக்குத் தண்ணீர், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை போட்ட ரயில் பாதைக்கு வேண்டிய சாமான்கள், எல்லாம் ஒட்டகத்தின் முதுகில் போயின. 1901இல் வந்த குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு அந்த ஆட்களில் பெரும்பாலோர் குடியுரிமை வாங்க முடியவில்லை, குடும்பத்தை வரவழைக்க முடியவில்லை. 1929இல் ரயில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போய்ச் சேர்ந்தது. லாரியும் வந்துவிட்டது. ஒட்டகத்துக்கு வேலை போயிற்று. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1925லேயே கேட்பாரற்ற ஒட்டகங்களைச் சுட்டுத் தள்ளச் சட்டம் போட்டார்கள். சுட மனம் வராத ஓட்டிகள் பலர் அவிழ்த்துக் காட்டில் விட்டார்கள். அவை பெருகின. 2009க்கும் 2013க்கும் இடையில் மட்டும் ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஒட்டகங்களைச் சுட்டார்கள். அந்த ரயிலுக்கு மட்டும் ‘கான்’ என்று அந்த ஓட்டிகளின் ஞாபகமாக இன்னும் பெயர் இருக்கிறது. என்னைப் போன்ற ரயில்வேக்காரனுக்குக் கொஞ்சம் உறுத்தும் கதை.

நம் நாட்டிலும் அதே பாதையில்தான் போகிறோம். 1970களில் இந்தியாவில் 11 லட்சம் ஒட்டகங்கள் இருந்தன. 2012 கணக்கெடுப்பில் 4 லட்சம். 2019இல் இரண்டரை லட்சம். அதில் ராஜஸ்தானத்தில் 2 லட்சத்து 13 ஆயிரம். கால்வாய் வந்து மேய்ச்சல் நிலம் வயலாயிற்று. டிராக்டரும் ஜீப்பும் வந்தன. 2014இல் ராஜஸ்தான் சர்க்கார் ஒட்டகத்தை மாநில விலங்கு என்று அறிவித்தது. 2015இல் கொல்லக் கூடாது, அனுமதி இல்லாமல் மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் வந்தது. நோக்கம் நல்லதுதான். அதற்கு முன்னால் தெற்கே லாரியில் அடைத்து இறைச்சிக்கு அனுப்பிய கொடுமைகளைப் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். தமிழ்நாட்டில் ஒட்டகம் வெட்டுவதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் தடை போட்டது. ஆனால் ராஜஸ்தான் சட்டத்தின் மறுபக்கம், ஆண் ஒட்டகத்தை வாங்க ஆளில்லை. சந்தையில் விலை விழுந்தது. வளர்க்கிறவன் கைக்கு ஒன்றும் வரவில்லை என்றால் எத்தனை நாள் வளர்ப்பான்? ரைகாவின் பிள்ளைகள் மேய்ச்சல் கோலைப் போட்டுவிட்டு டவுனில் வேலைக்குப் போகிறார்கள்.

வேலையும் இல்லை, விற்கவும் கூடாது என்றால் அந்த மிருகத்துக்கு எதிர்காலமில்லை. பிற்பாடு 2022இல் கன்று பிறந்தால் 10,000 ரூபாய் உதவித்தொகை என்று அறிவித்தார்கள். ஒட்டகப் பாலுக்கு 2016இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரம் வகுத்தது. 2019இல் அமுல் நிறுவனம் கட்ச் ஒட்டகப் பாலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இது சரியான திசை. பாலை விற்கவே கூடாது என்று முன்பு கட்டுப்பாடாக இருந்த வளர்ப்பாளர்கள் இப்போது விற்கிறார்கள் என்றால், பிழைப்பு எவ்வளவு நெருக்கியிருக்கும் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

ஒட்டகச் சவாரியை அடியோடு ஒழித்துவிடுங்கள் என்று நான் சொல்லப் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். சொல்லவில்லை. அந்தக் கயிற்றைப் பிடித்து நிற்கிற ஆளும் நம்மைப் போல் ஊர் விட்டு வந்தவர்தான். சவாரியை நாளைக்கே தடை செய்தால் அவருக்குச் சோறில்லை. சோறில்லாதவர் கையில் இருக்கும் மிருகம் எங்கே போய்ச் சேரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. முறைப்படுத்துங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மனிதனுக்கே முறையில்லை, ஒட்டகத்துக்கு என்ன முறை என்று டீக்கடையில் ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்வி. கழுதைக்கு 50 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது 1965ஆம் வருஷத்து விதி. ஒரு சிமெண்டு மூட்டை 50 கிலோ. நம் ஆட்கள் அதை முதுகில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறுகிறார்கள். ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு 1967இல் ஆண் தொழிலாளி தூக்கும் சுமைக்கு 55 கிலோவை வரம்பாகச் சிபாரிசு செய்தது. கழுதைக்கும் மனிதனுக்கும் ஐந்து கிலோதான் வித்தியாசம். அந்த வரம்பையாவது எந்தக் கட்டட வேலையில் மதிக்கிறார்கள்? ஆகவே நண்பர் கேட்டதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை ஒட்டகத்துக்கு விரோதமான வாதமாக எடுத்துக்கொள்வானேன்? எழுதி வைத்த வரம்பை ஓரிடத்தில் அமலாக்கிப் பழகினால் இன்னோர் இடத்தில் கேட்க வாய் வரும்.

கேட்பது பெரிதல்ல. சவாரி நடக்கும் இடத்தில் ஒரு மேடை கட்டுங்கள். ஒட்டகம் நின்றபடியே ஆட்கள் படியேறி அதன் முதுகில் உட்காரலாம். மண்டி போட்டு எழும் வேலை பாதிக்கு மேல் மிச்சம். நாலு செங்கல்லும் ஒரு மேஸ்திரியும் போதும், நம் ஆட்களே ஒரே நாளில் கட்டிக் கொடுப்பார்கள். இத்தனை மணிக்கு ஆரம்பம், இத்தனை மணிக்கு முடிவு என்று போர்டு வையுங்கள். ஒரு சவாரிக்குப் பெரியவர் ஒருவர், பிள்ளைகள் இருவர், அவ்வளவுதான் என்றும் அதில் எழுதுங்கள். ஐந்து மணி நேரத்துக்குள் ஓய்வு கொடுத்தாக வேண்டும் என்பதை ஒட்டகக்காரருக்குப் புரியும் இந்தியிலும், சவாரிக்கு வருகிறவர்களுக்குப் புரியும் கன்னடத்திலும் தமிழிலும் எழுதலாம். கட்டணத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் சவாரி குறைந்தாலும் அவர் வருமானம் குறையாது. பத்து ரூபாய் கூடக் கொடுக்க நாம் மறுக்க மாட்டோம்.

யானைகளைப் பார்க்க வரும் கால்நடை டாக்டர் போகிற வழியில் பத்து நிமிஷம் ஒட்டகத்தையும் பார்க்கட்டும். சர்ரா காய்ச்சலுக்கு இரத்தம் எடுத்துப் பார்ப்பது அவருக்குத் தெரிந்த வேலை. யானையை நிறுக்கும் எடை மேடையில் ஒட்டகத்தையும் நிறுத்தலாம். அந்தக் கிலோவைப் பத்திரிகையில் போட நான் தயார். மைசூரிலிருந்து ஜெய்ப்பூருக்கும் அஜ்மீருக்கும் நேரடி ரயில் ஓடுகிறது. பண்டிகை முடிந்ததும் ஒட்டகக்காரர் ஊர் போய்த் திரும்பும் வரை மிருகத்தைக் கட்ட ஒரு கொட்டிலும், வேப்பந்தழையும் கடலைக் கொடியும் போட ஓர் ஆளும் கிடைத்தால், போகிற ஊரிலெல்லாம் அதை நடத்திக்கொண்டு திரிய வேண்டியதில்லை.

தசராவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. மேடை கட்ட அது போதும்.